கோமாளி யாரைச் சீண்டுகிறார்?

தர்மபுரிப் பக்கம் விடிய விடிய நடக்கும் கூத்தில் ராஜா வேஷக்காரரின் பாட்டும் விருத்தமும் வசனமும் வாத்தியாரிடம் பாடம் கேட்டவை. கட்டியக்காரனுக்கு, பல ஊர்ப் பேச்சில் கோமாளிக்கு, அந்தக் கட்டு கிடையாது. எதிரே உட்கார்ந்திருக்கும் சனத்தைப் பார்த்து அப்போது தோன்றுவதைப் பேசுவார். துரியோதனனே கொலுவுக்கு வந்தாலும், ‘யாரய்யா நீ?’ என்று மறித்துக் கேட்கும் அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான்.

அந்த அதிகாரம் இப்போது யாரைச் சீண்டச் செலவாகிறது? நடுச்சாமம் தாண்டிக் கூட்டம் தூங்கி வழியும்போது, எழுப்பிவிடும் பொறுப்பு கோமாளி தலையில் விழுகிறது. உடனே சிரிப்பு வாங்கித் தரும் சரக்கு கைவசம் இருக்கிறது: கறுத்த பெண், பிள்ளையில்லாதவள், கால் தாங்கி நடப்பவர், திருநங்கை. ராஜாவைக் கிண்டல் செய்ய ஊர் நடப்பு தெரிய வேண்டும், துணிச்சல் வேண்டும். இவர்களைக் கிண்டல் செய்ய எதுவும் வேண்டாம்.

கொச்சைதான் கூத்தின் உயிர், அதை வெட்டினால் கலை செத்துப்போகும் என்பவர்கள் உண்டு. கொச்சை இருந்துவிட்டுப் போகட்டும். அது யார் மேல் விழுகிறது என்பதுதான் என் கேள்வி.

கூத்து இந்தக் கவனத்தை அறியாத கலையும் அல்ல. துகிலுரிதல் நடக்கும் இரவில், துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையில் கை வைக்கும் முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் உண்டு. வெறும் நடிப்புத்தானே என்று அங்கே யாரும் சொல்வதில்லை. செய்கைக்கு இவ்வளவு அஞ்சுகிறவர்கள் சொல்லுக்கும் அஞ்ச முடியும்.

அதிலும் இந்த மாவட்டத்தில் அஞ்சத்தான் வேண்டும். பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் தர்மபுரிக்கும் வந்தது. அதற்குச் சற்று முன்பு, 1990களின் கடைசியில், டென்மார்க் நாட்டு உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டம் இங்கே கலைப்பயணம் நடத்தியது. பெண் குழந்தைக்காக ஊர் ஊராகப் போய் வீதி நாடகம் போட்டார்கள். தெருவில் பேசும் பேச்சு வீட்டுக்குள் போய் வேலை செய்யும் என்று நம்பித்தான் அதைச் செய்தார்கள். அதே தெருவில், ‘மூணும் பொட்டையா?’ என்று ஒரு கோமாளி கேட்டுக் கைதட்டல் வாங்கினால், மூன்று பெண்களைப் பெற்றவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? அந்தப் பேச்சும் வீட்டுக்குள் போகத்தான் செய்யும்.

முன்பெல்லாம் தவறிப்போய்ச் சொன்ன சொல் விடிந்ததும் காற்றோடு போய்விடும். இன்று முன்வரிசையில் செல்போன்கள். மாற்றுத்திறனாளிகளை இழிவாகக் காட்டக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் காட்சி ஊடகத்துக்கு வழிகாட்டுதல் தந்தபோது, பேச்செல்லாம் சினிமாவைப் பற்றியே இருந்தது. கூத்தும் இப்போது திரைக்குள்தான் கிடக்கிறது. எட்டு மணி நேர ஆட்டத்தில் கர்ணன் விழும் இடத்தை யாரும் வெட்டிப் போடுவதில்லை. கோமாளியின் இரட்டை அர்த்தம்தான் அரை நிமிடத் துணுக்காகச் சுற்றுகிறது. பார்த்தவர்கள் அடுத்த ஊரில் அதையே கேட்கிறார்கள். ஆடியவர் கைக்கு அதில் காசு வருவதில்லை, கெட்ட பேர் மட்டும் வருகிறது. இதைவிட எனக்குப் பெரிய பயம், புதிதாகக் கோமாளி வேஷம் கட்ட வரும் பையன்களைப் பற்றியது. வாத்தியாரைப் பார்ப்பதற்கு முன்பே அவர்கள் அந்தத் துணுக்குகளைப் பார்த்துவிடுகிறார்கள். கூத்து என்றால் அதுதான் என்று எண்ணிக்கொண்டு வந்து சேர்கிறார்கள்.

கட்டியக்காரரை மட்டும் திருத்தினால் இது தீராது. தாம்பூலம் மாற்றும்போது எந்தக் கதை, எத்தனை இரவு, எவ்வளவு பணம் என்று விழாக் குழு பேசுகிறது. எதைப் படம் பிடிக்கலாம், எதைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது என்பதையும் அதே பாயில் உட்கார்ந்து பேசி முடிக்கட்டும்.