சூடான குளம் குளிர்வது எப்படி?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பாலைவன நகரம் பீனிக்ஸ். இங்கு பல வீடுகளின் கொல்லைப்புறத்தில் நீச்சல் குளம் உண்டு. 2023ல் தொடர்ந்து 31 நாட்கள் இங்கே வெயில் 43 டிகிரி செல்சியசைத் தாண்டியது. இப்படிப்பட்ட கோடையில் குளத்து நீர் வெதுவெதுப்பாகி விடும்; குதித்தாலும் சுகம் இருக்காது.

'ஐஸ் கட்டிகளைக் கொட்டினால் போச்சு' என்கிறீர்களா குட்டீஸ்? கணக்குப் போட்டுப் பார்ப்போமா? 50 ஆயிரம் லிட்டர் நீர் உள்ள குளம், 33 டிகிரியில் இருந்து ஒரே ஒரு டிகிரி குறைய, ஏறத்தாழ 450 கிலோ ஐஸ் வேண்டும்! ஆனால், அதில் சுமார் 90 லிட்டர் நீர் ஆவியானாலே அதே ஒரு டிகிரி குறைந்துவிடும். ஆவியாகும் நீர், மீதி நீரில் உள்ள வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடுகிறது. மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் இதனால்தான்!

அதனால், இரவில் மோட்டார் போட்டு, குளத்து நீரை நீரூற்றாகப் பீய்ச்சி விடுகிறார்கள். துளித்துளியாகச் சிதறும் நீர், காற்று பட்டு சீக்கிரம் ஆவியாகிறது. காற்றில் ஈரப்பதம் அதிகம் இருந்தால் மட்டும் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது.

சரி, பாலைவனத்தில் 90 லிட்டர் நீரை இழப்பதும் நஷ்டம்தானே? அதற்கும் வழி இருக்கிறது. பகலில் குளத்துக்கு மேலே நிழல் துணி கட்டிவிட்டால், சூடு ஏறுவதே குறையும். தண்ணீரும் மிச்சம்!