உத்திரமேரூர்: ஏரியும் சபையும் வளர்த்த ஊர்

காஞ்சிபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது உத்திரமேரூர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் தலைமையிடமான இந்தப் பேரூராட்சியில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 25 ஆயிரம் பேர் வசித்தார்கள். ரயில் பாதை கிடையாது. பேருந்தில்தான் வர வேண்டும். சுற்றிலும் நெல் வயல்கள். அக்கம்பக்கத்துக் கிராமங்களில் காஞ்சிபுரத்திற்காகப் பட்டு நெய்யும் தறிகளும் உண்டு.

தரை மட்டமான பகுதி இது. பாலாறும் செய்யாறும் இந்த வட்டாரத்தில்தான் பாய்கின்றன. வேகவதியையும் சேர்த்து மூன்று ஆறுகளும் கூடும் திருமுக்கூடலும் பக்கத்தில்தான். ஆனால் அவை ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறுகள் அல்ல. வடகிழக்குப் பருவமழை தரும் நீரைத் தேக்கி வைத்தால்தான் பயிர். அதனால் ஏரிதான் ஊரின் உயிர். பல்லவர் கல்வெட்டுகள் இவ்வூர் ஏரியை வயிரமேக தடாகம் என்கின்றன. வயிரமேகன் என்பது பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயர். ஏரியைத் தூர்வார வருவாய் ஒதுக்கும் ஏற்பாடும் அக்காலத்திலேயே கல்லில் பதிவாகிவிட்டது.

எட்டாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் வேதம் கற்ற பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட பிரமதேயமாக இவ்வூர் அமைந்தது. உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் என்பது அன்றைய பெயர். கோயில்களில் ஏறத்தாழ 200 கல்வெட்டுகள் உள்ளன. பல்லவர், சோழர், இடையில் வந்த ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன், பின்னாளில் விஜயநகர அரசர் என ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது. ஊரை நிர்வகித்த பிராமணர் சபையோ நெடுங்காலம் நீடித்தது.

அந்தச் சபை கூடிய இடம் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபம். சோழ மன்னன் முதலாம் பராந்தகன் ஆட்சியில் 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட இரண்டு கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. வாரியங்கள் எனப்படும் சபைக் குழுக்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முதல் விதிமுறை இரண்டே ஆண்டுகளில் திருத்தப்பட்டிருக்கிறது. 30-லிருந்து 60 வயது வரை என்றிருந்த தகுதி, 35-லிருந்து 70 வரை என்றானது. செய்து பார்த்துத் திருத்திக்கொண்ட சபை இது என்பதே இக்கல்வெட்டுகளின் பெருஞ்சிறப்பு.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்றைய வார்டு. உறுப்பினராகத் தகுதி பெற, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல், அதாவது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல், வைத்திருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதம் அறிந்திருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கு மீண்டும் இடமில்லை. பதவியில் இருந்தபோது கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டார். அவருடைய நெருங்கிய உறவினர்களும் விலக்கப்பட்டனர். இவ்வளவு கடுமையான விதியை இன்றைய உள்ளாட்சிச் சட்டத்தில் தேடினாலும் கிடைக்காது.

தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புவாரியாகக் கட்டிக் குடத்தில் இட்டார்கள். பெரியவர் ஒருவர் அனைவரும் காணக் குடத்தைத் தூக்கிக் காட்டுவார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். நடுநிலையாளரான மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி உரக்கப் படிப்பார். இப்படித் தேர்ந்தவர்களில் 12 பேர் ஆண்டு வாரியத்திலும், 12 பேர் தோட்ட வாரியத்திலும், 6 பேர் ஏரி வாரியத்திலும் 360 நாட்கள் பணியாற்றினார்கள். பஞ்சவார வாரியம், பொன் வாரியம் ஆகியவற்றுக்கும் குடவோலை எனப்படும் இதே முறைதான்.

இதை இன்றைய மக்களாட்சியோடு அப்படியே ஒப்பிடுவது சரியல்ல. பெண்களுக்கு இதில் இடமில்லை. நிலமற்ற உழவருக்கும் பிற சாதியினருக்கும் இடமில்லை. வாக்களிப்பும் இல்லை, சீட்டெடுப்புதான். ஆனாலும் பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்டதையும், ஒருவரே பதவியில் ஒட்டிக்கொள்ளாமல் தடுத்ததையும் குறைத்து மதிப்பிட முடியாது.

ஊரில் பார்க்க வேண்டிய இன்னொன்று சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில். அதன் மூன்று தள விமானத்தில் நின்ற, அமர்ந்த, கிடந்த கோலங்களில் திருமால் காட்சி தருகிறார். கைலாசநாதர் கோயிலும் பாலசுப்பிரமணியர் கோயிலும் பழமையானவையே. காஞ்சிபுரத்துக்குப் பட்டு வாங்க வருகிறவர்கள் அரை நாள் ஒதுக்கி, இந்தக் கல்வெட்டுகளையும் நேரில் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.