உங்கள் ஒரு மணித்தியாலம் என்ன விலை?



நிவித்திகல பக்கம் மாணிக்கக் குழி தோண்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மண்வெட்டி நிலத்தில் படும் முன்பே பங்கு பேசி முடித்துவிடுவார்கள். காணிக்காரருக்கு, அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவருக்கு, குழிக்குள் இறங்கும் தொழிலாளருக்கு என்று பங்குகள் உண்டு. தண்ணீர் இறைக்கும் மெசினுக்கும் ஒரு பங்கு உண்டு! மெசின் சோறு கேட்பதில்லைதான். ஆனால் எண்ணெய் குடிக்கும், தேயும், ஒருநாள் பழுதாகி நிற்கும். அந்தச் செலவு யாருடைய தலையிலாவது விழும் என்பது குழியில் இறங்குகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதே ஊரில், அறையின் ஒரு மூலையில் கணினியை வைத்துக்கொண்டு, இணையம் வழியாக வெளிநாட்டாருக்கு வேலை செய்து கொடுக்கும் ஒரு மகளை நினைத்துப் பாருங்கள். தட்டச்சு, மொழிபெயர்ப்பு, படங்கள் வடிவமைத்தல், இலண்டனில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தல்... ஏதோ ஒன்று. “மணித்தியாலத்துக்கு எவ்வளவு?” என்று எதிர்ப்பக்கத்தில் கேட்கிறார்கள். “இரண்டு டொலர்” என்று எழுதிவிடுகிறாள். ஏன் இரண்டு? மற்றவர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள்; அதோடு, வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே!

சும்மா இருக்கிற நேரமா? சுபஹுக்கு எழுந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, உம்மாவுக்கு மருந்து கொடுத்து, சமையலை இறக்கி வைத்துவிட்டுத்தானே அந்தக் கதிரையில் உட்காருகிறீர்கள்?

நம்மைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ஒரு நாள் கூலி வர்த்தமானியில் வெளியாகிறது. ஆயிரம் ரூபாய்க்காகத் தோட்டத் தொழிலாளர் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள்; 2021 மார்ச்சில்தான் அது கிடைத்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படைக் கூலி 1,350 ரூபாய் ஆயிற்று. நாடு முழுவதற்கும் 2016 ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனச் சட்டம் இருக்கிறது. அதன்படி 2026 ஜனவரி முதல் ஒரு நாளைக்கு 1,200 ரூபாய். எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் 150 ரூபாய் வரும். இதற்குக் கீழே கொடுக்காதே என்பதற்கான எல்லை அது. நியாயமான கூலி இவ்வளவுதான் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அதுவும் ஒரு முதலாளியின் கீழ் வேலை செய்கிறவர்களுக்கே. அமெரிக்காவில் இருக்கும் ஒருவருக்கு நிவித்திகலையிலிருந்து வேலை செய்யும் உங்களுக்கு வர்த்தமானி எழுத யாரும் இல்லை. நீங்களேதான் எழுத வேண்டும்.

சரி, ஒரு கொப்பியை எடுங்கள்.

மாதம் 60,000 ரூபாய் கையில் மிஞ்ச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு நான்கு மணித்தியாலம், மாதத்தில் 25 நாள். ஆக 100 மணித்தியாலம் உட்காருகிறீர்கள். பெரும்பாலானோர் செய்யும் கணக்கு 60,000 ஐ 100 ஆல் பிரிப்பது. 600 ரூபாய். ஒரு டொலரை 300 ரூபாய் என்று கொண்டால் இரண்டு டொலர். பிழை இங்கேதான் நுழைகிறது.

மெசினின் பங்கு எங்கே? இணையத்துக்கு 4,000, மின்சாரத்துக்கு 2,000 என்று வையுங்கள். ஒன்றரை இலட்சத்துக்கு வாங்கிய மடிக்கணினி மூன்று வருடம் ஓடினால் மாதத்துக்கு ஏறக்குறைய 4,000. ஆக, நீங்கள் உழைக்க வேண்டியது 70,000.

அடுத்தது, அந்த 100 மணித்தியாலத்துக்கும் யார் காசு தருகிறார்கள்? வேலை தேடி விண்ணப்பம் எழுதும் நேரம், “நிறத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள்” என்று வரும் திருத்தங்கள், கரண்ட் போய்க் காத்திருக்கும் நேரம்... 2022 மார்ச்சில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இவற்றைக் கழித்தால் காசு வரும் நேரம் 60 மணித்தியாலம் தேறினால் பெரிது. 70,000 ஐ 60 ஆல் பிரியுங்கள்: 1,167 ரூபாய்.

இன்னும் முடியவில்லை. வேலை பிடித்துத் தரும் தளத்துக்கும் பங்கு உண்டு. ஃபைவர் நீங்கள் பெறுவதில் 20 வீதத்தை எடுத்துக்கொள்கிறது. அப்வேர்க் 2025 மே முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு, வேலையைப் பொறுத்து, 15 வீதம் வரை எடுக்கிறது. 20 வீதம் போகிறதே என்று 1,167 உடன் 20 வீதத்தைக் கூட்டினால் 1,400 வரும். அதில் அவர்கள் 280 எடுத்தால் உங்களுக்கு 1,120 தான். ஆகவே கூட்டக் கூடாது, 0.8 ஆல் பிரிக்க வேண்டும். 1,459 ரூபாய். ஏறக்குறைய ஐந்து டொலர்!

இரண்டு டொலர் என்று எழுதினாளே அந்த மகள், அவள் மாதம் முழுவதும் உழைத்துத் தன் கணினியையும் கரண்டையும் முன்பின் தெரியாத ஒருவருக்கு இனாமாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது வெளியே தெரியாது. மூன்றாம் வருடம் கணினி பழுதாகி, புதிது வாங்கக் காசில்லாமல் கைச்சங்கிலி அடகுக் கடைக்குப் போகும்போதுதான் தெரியும்.

“ஐந்து டொலர் கேட்டால் வேலை வருமா?” என்பீர்கள். தொடக்கத்தில் கடினம்தான், மறைக்க மாட்டேன். நல்ல பெயர் எடுக்கும்வரை என்று கூலியைக் குறைத்தால், அந்த விலைக்குப் பழகியவரே அடுத்தவருக்கும் உங்களை அறிமுகம் செய்வார்; அவரும் இரண்டு டொலரே தருவார். அதைவிட, ஒரு சிறிய வேலையை மொத்த விலை பேசிச் செய்து காட்டுவது மேல். ஐந்து பக்கம் தட்டச்சு என்றால், மணிக்கூட்டை வைத்து ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம் என்று முதலில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். திருத்தம் இரண்டு முறைதான் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். வேலை தருவதற்கு முன்பணம் கட்டச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. இடையில் பிள்ளை அழுதது, அடுப்பைப் பார்க்கப் போனது, இதெல்லாம் வேலை தந்தவரின் கணக்கில் ஏறக் கூடாது. நாற்பது நிமிட வேலையை ஒரு மணித்தியாலம் என்று எழுதினால் அந்தக் காசு ஹலாலாகுமா? கூலியை நியாயமாகக் கேட்கிறவர் நேரத்தையும் நியாயமாகவே எழுத வேண்டும்.

சொந்தக்காரர் விஷயம் தனி. மாமியின் மகனுடைய கலியாண அழைப்பிதழுக்கு மணித்தியாலக் கணக்குச் சொல்லிப் பாருங்கள், அடுத்த பெருநாளுக்கு வீட்டுக்கு ஒருவரும் வரமாட்டார்கள்! அதை அன்பளிப்பாகவே செய்து கொடுங்கள். ஆனால் மாமியின் மகன் கடை நடத்தி, அந்தக் கடைக்கு மாதாமாதம் விளம்பரம் கேட்டால் அது வியாபாரம்.

வரியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் இத்தகைய வெளிநாட்டு வருமானத்துக்கும் வரி வந்தது உண்மை. வங்கி வழியாக வந்தால் உச்ச வீதம் 15. ஆனால் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு இருக்கிறது. மாதம் 60,000 அதற்குள் அடங்கிவிடும்.

டொலரின் மதிப்புத்தான் நம்மை ஏமாற்றும். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதத்தில் 360 ஐத் தாண்டியது. பிறகு 300 அளவுக்கு இறங்கியது. 360 இல் போட்ட கணக்கு 300 இல் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொப்பியைத் திரும்ப எடுங்கள். கூட்ட வேண்டி வந்தால், வேலை தருபவருக்கு ஒரு மாதம் முன்பே நாலு வரி எழுதினால் போதும்: “உங்களோடு வேலை செய்வதில் மகிழ்ச்சி. வரும் மாதம் முதலாம் திகதியிலிருந்து என் கூலி மணித்தியாலத்துக்கு ஐந்து டொலர். இப்போது கையில் உள்ள வேலையைப் பழைய கூலிக்கே முடித்துத் தருவேன்.”