கத்தியா, பலூனா? கால் தப்புமா?

வானொலியில் இனிப்பு நீர் பற்றிய நிகழ்ச்சி என்றால், அழைக்கும் நேயர்களில் யாராவது ஒருவர் என்னிடம் இதைக் கேட்டுவிடுவார்: "அப்பாவுக்குக் காலில் இரத்த ஓட்டம் இல்லையாம். வெட்டித் திறக்காமல் பலூன் வைத்தே சரி பண்ணிடலாமாமே, உண்மையா?"

உண்மைதான். தொடையிடுக்கில் ஒரு சிறு துளை போடுகிறார்கள். அதன் வழியே மெல்லிய கம்பியை அடைப்பு வரை செலுத்தி, பலூனை விரித்து வழி திறக்கிறார்கள். தேவைப்பட்டால் ஸ்டென்ட் எனும் வலைக்குழாயும் வைப்பார்கள். பெரும்பாலும் முழு மயக்கம் தேவையில்லை. பலூன் வருவதற்கு முன்பே, 1964-இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்ல்ஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர், காலை அகற்றச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டிக்குக் குழாய்களைச் செலுத்தி அடைப்பை விரித்தார். அவருடைய கால் தப்பியது. இன்று இரத்தநாள அறுவை மருத்துவர்களும் இதைச் செய்கிறார்கள்.

ஆனால், காயம் சின்னது என்பதாலேயே அதுதான் சிறந்த சிகிச்சை என்று ஆகிவிடாது.

ஓய்விலும் கால் வலி, ஆறாத புண் என்ற கடுமையான நிலையில் இருந்தவர்களிடம் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 2022-இல் வெளியான 'பெஸ்ட்-சிஎல்ஐ' ஆய்வில், பைபாஸுக்கு ஏற்ற நல்ல சிரை காலில் இருந்தவர்கள் 1,434 பேர். கால் இழப்பு, பெரிய மறுசிகிச்சை, மரணம் ஆகியவற்றில் ஒன்று, பைபாஸ் தரப்பில் 42.6 விழுக்காட்டினருக்கும் துளைவழிச் சிகிச்சைத் தரப்பில் 57.4 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தது. 2023-இல் வந்த 'பேசில்-2' ஆய்வோ, முழங்காலுக்குக் கீழே சிகிச்சை தேவைப்பட்ட 345 பேரைப் பார்த்தது. அங்கே முடிவு தலைகீழ். கால் இழப்போ மரணமோ பைபாஸ் தரப்பில் 63 விழுக்காடு, துளைவழித் தரப்பில் 53 விழுக்காடு.

ஆகவே, "எது நல்லது?" என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். அடைப்பு எந்த இடத்தில்? பைபாஸுக்கு ஏற்ற சிரை இருக்கிறதா? திறந்த வழி மீண்டும் அடைத்தால் அடுத்து என்ன?

மூன்றாவது கேள்விதான் பலரும் கேட்க மறப்பது. பலூனால் திறந்த நாளம் மறுபடி சுருங்கலாம். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுவது, சிகரெட்டை விடுவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, மறுபரிசோதனைக்குப் போவது எல்லாம் சிகிச்சையின் பாதி. ஒரு நாளில் வீடு திரும்பிவிட்டோம் என்ற தெம்பில் இவற்றை விட்டுவிடக் கூடாது.

2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. அவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்து, புண் வந்தாலும் வலிக்காது. வீட்டில் அப்படி யாரும் இருந்தால், இரவு படுக்கும் முன் அவர்களின் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் ஒரு முறை பாருங்கள். புண் தெரிந்தால் தானாக ஆறும் என்று காத்திருக்காமல் உடனே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.