புது மடிகணினியின் பெட்டிக்குள் இல்லாத தட்டு

கடைத் தம்பி கேட்ட முதற்கேள்வியே எனக்கு விளங்கவில்லை. "ரிக்கவரி டிஸ்க் ஏதும் தந்தவங்களா அக்கா?"

பெட்டிக்குள் சார்ஜரும், பல மொழிகளில் அச்சிட்ட ஒரு துண்டுத்தாளும் மட்டுமே இருந்தன. மடிகணினி வாங்கி நான்கு மாதம். முதல்நாள் இரவு விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்றுபோக, காலையில் கறுப்புத் திரை. உட்துறைமுக வீதியிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குள் போனேன். மறுநாள் மாலை திரும்பக் கிடைத்தபோது, வாங்கிய நாளைப் போலவே வேகமாக இருந்தது. வாங்கிய நாளைப் போலவே வெறுமையாகவும் இருந்தது.

பிள்ளைகளைத் தேடும் தாய்மாரிடம் நான் எடுத்த செவ்விகள் அதற்குள் இருந்தன. பெரும்பாலானவற்றின் ஒலிப்பதிவு கைபேசியில் தப்பியது. ஒன்று தப்பவில்லை. கைபேசியில் இடம் போதாதென்று நானே அழித்திருந்தேன். அந்த அம்மா இப்போது உயிரோடு இல்லை.

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். திரும்ப விண்டோஸ் போட்டுத் தரச் சொன்னேன், போட்டுத் தந்தார். அது எங்கிருந்து வருகிறது, எதை அழித்துவிட்டு வருகிறது என்று எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

முன்னர் கணினி வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சிடி வரும். விஸ்டா, விண்டோஸ் 7 காலத்தில் அநேக நிறுவனங்கள் அதை நிறுத்தின. பதிலாக வன்தட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதியை ஒதுக்கி, விண்டோஸின் மூலப் பிரதியை அதற்குள் வைத்தன. வாங்கியவரே நாலைந்து வெற்று டிவிடிகளில் அதைப் பதிந்துகொள்ள வேண்டும். சில நிறுவனங்கள் ஒரே ஒரு தொகுதி பதியத்தான் அனுமதித்தன. இன்று பல மடிகணினிகளில் டிவிடி போடும் இடமே இல்லை. மறைவான பகுதி மட்டும் இருக்கிறது. வீட்டுத் திறப்பின் மாற்றுப் பிரதியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போன்ற ஏற்பாடு இது. வன்தட்டு பழுதானால் அதுவும் சேர்ந்து போகும். கடையில் முழுவதையும் அழித்துப் புதிதாகப் போட்டாலும் போகும். எனக்கு நடந்தது இரண்டாவது.

ஆகவே மடிகணினி நல்ல நிலையில் இருக்கும்போதே, முடிந்தால் வாங்கிய அன்றே, அந்தப் பிரதியை வெளியே எடுக்க வேண்டும். 16 ஜிபி பென் டிரைவ் பெரும்பாலும் போதும், 32 என்றால் கவலையில்லை. அதில் இருப்பவை அழிந்துவிடும் என்பதால் வெறுமையான ஒன்றை எடுங்கள். ஸ்டார்ட் மெனுவின் தேடலில் ரிக்கவரி டிரைவ் என்று தேடினால் விண்டோஸே வழிகாட்டும். சிஸ்டம் கோப்புகளையும் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் சரி அடையாளம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதைக்கொண்டு விண்டோஸைத் திரும்ப நிறுவ முடியாது. ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் ஆகலாம், சார்ஜரைச் செருகிவிட்டுத் தொடங்குங்கள்.

காலம் கடந்துவிட்டால்? வேறொரு கணினி தேவை. டெல், ஹெச்பி, லெனோவோ மூன்றும் தங்கள் இணையத்தளங்களில் இதற்கான மென்பொருளை இலவசமாகத் தருகின்றன. மடிகணினியின் அடியில் உள்ள தொடர் இலக்கம் போன்ற விபரத்தைக் கொடுத்தால், அந்த மொடலுக்குரிய பிரதியைப் பென் டிரைவில் இறக்கலாம். மைக்ரோசொவ்ட்டும் விண்டோஸ் 11ஐத் தன் தளத்திலிருந்து இறக்க விடுகிறது. அதற்கு 8 ஜிபி பென் டிரைவ் போதும். டேட்டாதான் செலவு, பல ஜிபி போகும்.

தயாரிப்புத் திறப்பு எண்ணைத் தேடி அலையவும் வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் மடிகணினிகளில் அந்த எண் தாய்ப்பலகையிலேயே பதியப்பட்டு வருகிறது. நிறுவும்போது எண் கேட்டால் இல்லை என்று சொல்லி, முன்பு இருந்த அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோமை, தெரிவுசெய்தால் இணையத்தோடு இணைந்ததும் தானாகச் சரியாகிவிடும். எனக்குக் கடையில் போட்டுத் தந்தது உடைத்த புரோ பதிப்பு. நான் காசு கொடுத்து வாங்கிய உரிமம் பலகைக்குள் சும்மா கிடக்க, களவுப் பிரதிக்கும் காசு கொடுத்திருக்கிறேன். ஃப்ரீடொஸ் என்று எழுதி மலிவாக விற்கப்படும் மடிகணினிகளில் இந்த எண் இராது. வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்டோஸைத் திரும்ப நிறுவுவது வேறு, உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுவது வேறு. ரிக்கவரி டிரைவில் உங்கள் படங்களோ ஆவணங்களோ இருக்காது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை கணினித் தாக்குதலுக்கு உள்ளானபோது சேவையை மீண்டும் இயக்கினார்கள். ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களுக்கு மாற்றுப் பிரதி இல்லை. அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 கணக்குகளுக்கு அந்த மாதங்கள் இல்லாமல் போயின. அரசாங்கத்துக்கே அந்தக் கதி. எனவே கடைக்குக் கொடுக்கும் முன் கோப்புகளை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் எழும்பாவிட்டாலும், உபுண்டு போட்ட பென் டிரைவில் மடிகணினியை இயக்கி, வன்தட்டைத் திறந்து பிரதியெடுக்கலாம். அன்று இது எனக்குத் தெரிந்திருந்தால் அந்தக் குரல் மிஞ்சியிருக்கும்.

எங்கள் ஊரில் ஒரு பதிவு எவ்வளவு பெறுமதியானது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கொண்டுவந்த குண்டு வெடித்தே இறந்தார்கள் என்று சொல்லப்பட்டது. சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பதைக் காட்டியவை ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள். அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவரும் சுடப்பட்டார். அப்படியான படங்களும் சாட்சியங்களும் இருக்கும் கணினியை முன்பின் தெரியாத கையில் கொடுப்பதும் யோசிக்க வேண்டிய விடயந்தான். அழிவது ஒரு பயம், பார்க்கப்படுவது இன்னொரு பயம்.

இரண்டாவது பயத்துக்கு விண்டோஸ் 11இல் மறையாக்கம் இருக்கிறது. பல புது மடிகணினிகளில் மைக்ரோசொவ்ட் கணக்கோடு உள்நுழைந்ததும் அது தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். பிறர் வன்தட்டைக் கழற்றினாலும் வாசிக்க முடியாது. ஆனால் பழுது வந்தால் 48 இலக்க மீட்புத் திறப்பைக் கேட்கும், இல்லாவிட்டால் உங்களுக்கும் கதவு திறக்காது. மேலே சொன்ன உபுண்டு வழியும் அந்த எண் இல்லாமல் உதவாது. உங்கள் மைக்ரோசொவ்ட் கணக்குக்குள் போனால் அதைக் காணலாம். நான் தாளில் எழுதி, அம்மா காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் வைத்திருக்கும் தகரப் பெட்டிக்குள் போட்டிருக்கிறேன். பென் டிரைவும் அங்கேதான்.

பாமினி எழுத்துருவில் பழைய கோப்புகள் வைத்திருப்பவர்கள் அந்த எழுத்துருவையும் எங்காவது பிரதி எடுத்து வையுங்கள். புதிதாக நிறுவிய விண்டோஸில் அது இருக்காது, பத்து வருடத்துக் கடிதமெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ரிக்கவரி டிரைவை வருடத்துக்கு ஒருமுறை புதிதாகச் செய்துகொள்ளும்படி மைக்ரோசொவ்ட் சொல்கிறது. என்னுடையதை வரும் தைப்பொங்கலுக்கு முன் செய்ய வேண்டும்.