பழந்தமிழ் அச்சுநூல் மின்வருடலில் பிரிதிறனும் கோப்பளவும்

பழந்தமிழ் அச்சுநூல்களை மின்வருடும்போது முதலில் இடருக்குள்ளாவது மெய்யெழுத்தின் புள்ளியே. அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளி, அங்குலத்திற்கு 300 பிக்சல் என்னும் பிரிதிறனில் ஏறத்தாழ ஆறு பிக்சல் அகலம் பெறும், 100இல் இரண்டே. அந்நிலையில் தாளின் கறையிலிருந்து அதனைப் பிரித்தறிதல் அரிது. ‘கல்’ என்பது ‘கல’ எனப் படிக்கப்படலாம்.

பிரிதிறன் இருமடங்கானால் படிமத்தின் அளவு நான்மடங்காகும். ஏ4 தாளின் வண்ணப்படிமம், சுருக்கப்படாத நிலையில், 300இல் சுமார் 26 மெகாபைட்டு. 600இல் சுமார் 104. இடத்தை மிச்சப்படுத்தப் பிரிதிறனைக் குறைப்பது தவறான சிக்கனம். பின்னர் மென்பொருளால் பெரிதாக்குவது பிக்சல்களைப் பெருக்குமேயன்றி, இழந்த புள்ளியை மீட்காது. வண்ணம் வேண்டாவிடத்துச் சாம்பல்நிறப் படிமமே போதும். கோப்பு மூன்றிலொரு பங்காகும். தூய கறுப்பு வெள்ளைக்கு இறங்குதல் ஆகாது. மெலிந்த புள்ளி அங்கே வெள்ளையாகிவிடக்கூடும்.