மரக்கரியும் மரப்பெயரும்: தொல்லியல் அறிக்கைகளைத் தமிழாக்குவதில் ஒரு சிக்கல்

தமிழில் 'கரி' என்னும் வடிவம் எரிந்த மரத்தின் எச்சத்தையும் சான்றையும் குறிக்கும். இவ்விரண்டும் ஒரே சொல்லா, ஒப்புருச் சொற்களா என்பது தனி ஆய்வுக்குரியது. எனினும், பழங்கால விறகுப் பயன்பாட்டிற்கு மரக்கரியே நேரடிச் சான்றாகும். அச்சான்று எந்த அளவு பேசுகிறது, அதனைத் தமிழில் எவ்வாறு பெயரிடலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

புணே தக்காணக் கல்லூரி 1939இல் ஆய்வு நிறுவனமாகப் புத்துயிர் பெற்றது முதல், மொழியியலும் தொல்லியலும் அங்கு அருகருகே வளர்ந்துள்ளன. அந்நிறுவனம் 1968 முதல் 1983 வரை, புணே மாவட்டத்தில் கோட் ஆற்றங்கரையிலுள்ள இனாம்காவில் அகழாய்வு நடத்தியது. தவளிகர், சங்காலியா, அன்சாரி ஆகியோரின் அறிக்கை 1988இல் வெளிவந்தது. ஏறத்தாழ கி.மு. 1600 முதல் 700 வரை மக்கள் வாழ்ந்த அவ்வூரில் அடுப்புகளும் பானை சுடும் சூளையும் கண்டறியப்பட்டன. இத்தகைய ஊர்களில் விறகு அன்றாடத் தேவை. கரி அதன் எச்சம்.

போதிய காற்றின்றி எரியும் மரம் சாம்பலாகாமல் கரியாகிறது. அதன் உள்ளமைப்பு பெரிதும் குலைவதில்லை. கரித்துண்டைக் குறுக்காகவும் நெடுக்காக இரு திசைகளிலும் உடைத்து நுண்ணோக்கியில் நோக்கினால், நீர்க்குழல்களின் அமைப்பைக் கொண்டு மரத்தை இனங்காணலாம். அடுப்பிலுள்ள கரி பெரும்பாலும் இறுதியாக எரித்த விறகைக் காட்டும்; மண்ணடுக்கில் சிதறிய கரி நெடுங்காலப் பழக்கத்தைக் காட்டும். வளர்ச்சி வளையம் மிகுதியாக வளைந்திருப்பின் அது சுள்ளி; வளைவு குறைந்திருப்பின் பெருங்கட்டை.

ஆயினும், கரி பெரும்பாலும் பேரினம் வரையே அடையாளம் காட்டும். ஆகவேதான் அறிக்கைகள் 'அக்கேசியா வகை' என்பது போல எழுதுகின்றன. மொழிபெயர்ப்பாளர் இதனைக் 'கருவேலம்' என்றாக்கினால், கரி சொல்லாத ஒன்றைச் சொன்னவராவார். மராத்தியின் பாபூள், கைர் இரண்டும் பழைய வகைப்பாட்டில் அக்கேசியாவே. தமிழில் முன்னது கருவேல், பின்னது கருங்காலி. எனவே 'வேல் வகை' என்பதும் பொருளைக் குறுக்கிவிடும். கருங்காலி என்பதோ வேறு குடும்பத்தைச் சார்ந்த டயோஸ்பைரோஸ் மரத்தையும் குறிக்கும். மேலும், இன்று சில வட்டாரங்களில் 'கருவேல்' என்றாலே சீமைக்கருவேல் நினைவுக்கு வருகிறது. அம்மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அடுப்பில் அதற்கு இடமில்லை.

அறிவியற் பெயரும் நிலையானதன்று. அக்கேசியா என்னும் பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கு உரியதாக்கும் முடிவு 2005இல் வியன்னா தாவரவியல் மாநாட்டில் ஏற்கப்பட்டது. அதன் பின்னர், கருவேல் வாச்செலியா என்றும் கைர் செனகாலியா என்றும் வழங்கப்படுகின்றன. 1988இன் 'அக்கேசியா' இவ்விரண்டையும் அடக்கியது.

எனவே, மூலத்தின் பேரினப் பெயரைத் தமிழ் எழுத்தில் அவ்வாறே தந்து, 'வேல், கருங்காலி முதலியவற்றை அடக்கிய பழைய பேரினம்' என விளக்குதல் பொருந்தும். 'வகை' என்னும் சொல்லை விடுதல் கூடாது. சான்றின் எல்லை அச்சொல்லிலேயே அடங்கியுள்ளது.